லாக்டிக் அசிடோசிஸ்: மெட்ஃபார்மின் தாளில் இருக்கும் எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம்?

‘மெட்ஃபார்மின் கிட்னியைக் காலி பண்ணிவிடும்’ என்ற வாட்ஸ்அப் செய்தி ஓய்வதாகத் தெரியவில்லை. அதை நம்பி இந்தச் சர்க்கரை நோய் மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்களும் உண்டு, பயந்துகொண்டே விழுங்குகிறவர்களும் உண்டு. மருந்தோடு வரும் குறிப்புத் தாளைப் பிரித்துப் படித்தால் பயம் இன்னும் கூடும். ‘லாக்டிக் அசிடோசிஸ்’ (லாக்டேட் கூடி ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுவது) என்ற எச்சரிக்கையும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது என்ற வரியும் அதில் இருக்கும். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் காரணமும் விளைவும் இடம் மாறிப்போகின்றன. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள, முதலில் லாக்டேட் என்ற பொருளில் இருந்து தொடங்க வேண்டும்.

லாக்டேட் எங்கிருந்து வருகிறது?

உடலின் பெரும்பாலான செல்கள் குளுக்கோஸை இரண்டு கட்டமாக எரிக்கின்றன. முதல் கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும், கூடவே 2 ஏ.டி.பி. கிடைக்கும். ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு, எந்த வேலைக்கும் அதைத்தான் செலவழிக்க வேண்டும். இரண்டாம் கட்டம் செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கிறது. பைருவேட் அங்கே போய் ஆக்சிஜனோடு முழுக்க எரிந்தால், மொத்தக் கணக்கு சுமார் 30 ஏ.டி.பி.க்கு ஏறிவிடும்.

ஆக்சிஜன் போதவில்லை, அல்லது மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யவில்லை என்றால் பைருவேட் வாசலிலேயே நின்றுவிடும். அது அப்படியே குவிந்தால் முதல் கட்டமும் நின்றுபோகும், ஏனென்றால் அந்தக் கட்டத்துக்குத் தேவையான ஒரு துணைப் பொருள் (என்.ஏ.டி.) தீர்ந்துவிடும். பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது அந்தத் துணைப் பொருள் திரும்பக் கிடைக்கிறது. ஆக, லாக்டேட் உருவாவதால்தான் செல் அந்த 2 ஏ.டி.பி.யையாவது வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது.

ஆபத்து நேரத்தில் மட்டும் நடக்கும் விஷயமும் இல்லை இது. ரத்தச் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. அவை பிறந்தது முதல் சாகும்வரை லாக்டேட்டைத்தான் வெளியே விடுகின்றன. தோல், தசை, மூளை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாளில் சுமார் 1500 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 130 கிராம் லாக்டேட்டை உருவாக்குகிறது. இவ்வளவும் எங்கே போகிறது? பாதிக்கு மேல் கல்லீரல் எடுத்துக்கொண்டு திரும்பக் குளுக்கோஸாக மாற்றிவிடும். அடுத்த பெரிய பங்கு சிறுநீரகத்துக்கு. இதயம் அதை நேரடியாகவே எரிபொருளாகப் பயன்படுத்தும். தசையில் இருந்து கல்லீரலுக்கும், கல்லீரலில் இருந்து தசைக்கும் நடக்கும் இந்தச் சுற்றுக்கு கோரி சுழற்சி என்று பெயர். அதை விளக்கிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜிம்முக்குப் போன மறுநாள் உடம்பு வலித்தால் ‘லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். அது தவறு. கடுமையாக ஓடினால் லாக்டேட் எகிறும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரம் போல ஓய்வெடுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதையொட்டிய அழற்சியும். செய்யாத குற்றத்துக்கு லாக்டேட் பழி சுமப்பது இங்கே மட்டும் இல்லை.

லாக்டேட் வேறு, அமிலத்தன்மை வேறு

ரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மையைச் சொல்லும் எண், அமிலம் கூடினால் இது இறங்கும்) 7.35-க்கும் 7.45-க்கும் இடையே இருக்க வேண்டும். இந்த அளவில் லாக்டிக் அமிலம் அமிலமாகவே இருக்காது. ஏறத்தாழ முழுவதும் லாக்டேட், ஹைட்ரஜன் அயனி என்று பிரிந்துவிடும். லேப்பில் அளப்பது லாக்டேட்டை. உடலைப் படுத்துவது பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனி. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வரை பி.எச். நகராது.

அதனால் மருத்துவர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். லாக்டேட் மட்டும் கூடியிருந்தால் அது ஹைப்பர்லாக்டேட்டீமியா. லாக்டேட் கூடி, அதோடு பி.எச்.சும் இறங்கியிருந்தால்தான் லாக்டிக் அசிடோசிஸ். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் நெபுலைசர் அடிக்கடி வைத்த ஒருவருக்கு லாக்டேட் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். ரத்த ஓட்டம் நன்றாகவே இருக்கும், மருந்தைக் குறைத்ததும் இறங்கிவிடும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

1. அலகைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலும் தருகின்றன. மில்லிகிராம் எண்ணை 9-ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும். ‘லாக்டேட் 18’ என்று பார்த்து ஒரு குடும்பமே பதறலாம். அது மில்லிகிராம் கணக்கு என்றால் வெறும் 2 மில்லிமோல்தான்.

2. 2 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 2 முதல் 4 வரை கவனிக்க வேண்டிய அளவு. 4-ஐத் தாண்டி, பி.எச். 7.35-க்குக் கீழே போனால் லாக்டிக் அசிடோசிஸ் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அந்த எல்லையை 5 என்று வைக்கிறார்கள்.

3. ரத்தம் எடுத்த விதம் எண்ணையே மாற்றும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்கவில்லை என்று விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால், முன்னங்கைத் தசை அங்கேயே லாக்டேட்டைத் தயாரித்துவிடும். எடுத்த ரத்தத்தை வைத்திருந்தாலும் பிரச்சினைதான், குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட, ஃப்ளோரைடு கலந்த குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து உடனே அனுப்புகிறார்கள். ஐ.சி.யூ.வில் ரத்த வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. இயந்திரத்தில் உடனுக்குடன் பார்ப்பது இதைவிட நம்பகமானது.

எதனால் தேங்குகிறது?

ஒரு தொட்டி நிரம்பி வழிகிறது என்றால் குழாய் அதிகமாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைத்திருக்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

1976-ல் கோஹன், வுட்ஸ் என்ற இருவர் வகுத்த பிரிவைத்தான் இன்றும் பாடப் புத்தகங்கள் பின்பற்றுகின்றன. ‘ஏ’ வகையில் திசுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை: பெரிய ரத்தப்போக்கு, மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்வது, செப்சிஸ் (கிருமித் தொற்றால் உடல் உறுப்புகள் தடுமாறும் நிலை), டெங்கு ஷாக், கார்பன் மோனாக்சைடு விஷம். ‘பி’ வகையில் ஆக்சிஜன் இருக்கும், அதைப் பயன்படுத்த முடியாது: கல்லீரல் செயலிழப்பு, சில மருந்துகள், வைட்டமின் குறை, பிறவிக் கோளாறுகள், சில புற்றுநோய்கள்.

படிக்க வசதியான பிரிவு இது, ஆனால் வார்டில் கோடு அழிந்துவிடும். செப்சிஸை எடுத்துக்கொண்டால், திசுவுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கும்போதே லாக்டேட் ஏறுகிறது. உடலில் பொங்கும் அட்ரினலின் குளுக்கோஸ் உடைவதை முடுக்கிவிடுவதும் ஒரு காரணம். எப்படி ஏறினாலும் அது கெட்ட செய்திதான். 2016-ல் வெளியான சர்வதேச வரையறைப்படி, போதுமான திரவம் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்கிப்பிடிக்க வேண்டியிருந்து, லாக்டேட் 2-ஐத் தாண்டினால்தான் அது செப்டிக் ஷாக்.

அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, கடும் அசதி, அப்புறம் குழப்பம். கொஞ்சமாவது துப்புக் கொடுப்பது மூச்சு. அமிலத்தை வெளியேற்ற உடல் கார்பன் டை ஆக்சைடைத் தள்ளப் பார்க்கும், அதனால் மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கும். நுரையீரலில் சளி இருக்காது, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஆனால் மூச்சு வாங்கும்.

மெட்ஃபார்மின் மீது விழுந்த பழி

இந்தக் கதையில் முதல் குற்றவாளி மெட்ஃபார்மினின் உறவுக்கார மருந்து ஃபென்ஃபார்மின். 1950-களின் இறுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. அமெரிக்கா ஃபென்ஃபார்மினைப் பிடித்துக்கொண்டது, பிரான்ஸ் மெட்ஃபார்மினைப் பிடித்துக்கொண்டது. ஃபென்ஃபார்மின் சாப்பிட்டவர்கள் லாக்டிக் அசிடோசிஸால் இறப்பது தெரியவந்ததும் 1977-ல் அமெரிக்க அரசு அதை விற்பனையில் இருந்து எடுத்தது. இந்தியாவில் தடை 2003-ல்தான் வந்தது. இதனால் மெட்ஃபார்மின் மீதும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. பிரான்சில் 1957 முதலே இருந்த மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க 1994 டிசம்பர் வரை ஆனதில் இந்தச் சந்தேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சந்தேகத்தில் நியாயம் துளியும் இல்லை என்று சொல்ல முடியாது. மெட்ஃபார்மின் கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை லேசாகப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது குறைகிறது, சுகர் இறங்குகிறது. ஆனால் அந்தக் குளுக்கோஸுக்கு மூலப்பொருளில் ஒன்று லாக்டேட்தானே? நன்மை வரும் அதே வழியில்தான் இந்தச் சிக்கலும் வருகிறது. சாதாரண அளவில் சாப்பிடுபவருக்கு லாக்டேட் சற்றே கூடலாம், இயல்பு எல்லையைத் தாண்டாது.

மருந்து உடலில் தேங்கும்போதுதான் வினை. மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதில்லை. உள்ளே போன வடிவத்திலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. நடைமுறையில் விபரீதம் பெரும்பாலும் இப்படி ஆரம்பிக்கிறது:

1. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒருவருக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்று வேளை தவறாமல் விழுங்குகிறார்.

2. உடலில் நீர் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்காக வேறு மாத்திரைகளோ, வலிக்காக டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

3. சிறுநீர் குறைய, மெட்ஃபார்மின் வெளியேறாமல் சேர்கிறது.

4. கல்லீரல் லாக்டேட்டை எடுப்பது தடைபடுகிறது. அதே நேரம் ரத்த ஓட்டம் குறைந்த திசுக்கள் லாக்டேட்டைக் கூடுதலாக விடுகின்றன.

5. அமிலம் ஏற ஏற வாந்தி கூடுகிறது, இதயம் தளர்கிறது, சிறுநீரகம் இன்னும் அடங்குகிறது.

இந்த வரிசையில் சிறுநீரகம் இரண்டாவது படியிலேயே தடுமாறிவிடுகிறது, மருந்து மூன்றாவது படியில்தான் நுழைகிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தால் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடிவதில்லை. குறிப்புத் தாள் சொல்வது இரண்டாவதை, வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதலாவது.

எவ்வளவு அரிது? ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் 10-க்கும் குறைவானவர்களுக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் வந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து, அதனால்தான் கட்டம் கட்டிய எச்சரிக்கை.

யாருக்குத் தரலாம் என்பதை முன்பு கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் ஒரு கழிவு) எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தார்கள். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மாற்றி, ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்குக்குப் போகச் சொன்னது. வயது, பாலினம் எல்லாம் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைச் சொல்லும் எண் அது. 30-க்குக் கீழே என்றால் மெட்ஃபார்மின் கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையே புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு இந்த அளவுக்கு இறங்கினால் மருத்துவர் அளவைக் குறைப்பது பற்றி யோசிப்பார். 60 வயது மெலிந்த பெண்மணிக்குக் கிரியாட்டினின் ‘நார்மல்’ என்று வந்தாலும் ஈ.ஜி.எஃப்.ஆர். இறங்கியிருக்கலாம். சுகர் டெஸ்டோடு இதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி.

நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியவை சில. சாப்பிடவும் குடிக்கவும் முடியாத அளவு வாந்தியோ பேதியோ காய்ச்சலோ வந்தால் அந்த நாட்களில் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். பெரும்பாலும் ‘நிறுத்துங்கள்’ என்றே சொல்வார். இன்சுலினுக்கு இது பொருந்தாது, அதைத் தானாக நிறுத்தக் கூடாது. சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனால் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு 48 மணி நேரம் நிறுத்தி, பரிசோதித்த பிறகே மீண்டும் தொடங்குவார்கள். அளவுக்கு மீறிக் குடிப்பவருக்கு ஆபத்து கூடுதல், ஏனென்றால் மதுவும் லாக்டேட் குளுக்கோஸாவதைத் தடுக்கும்.

பலருக்குத் தாங்கள் மெட்ஃபார்மின் சாப்பிடுவதே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்த சுகர் மாத்திரைகள்தான் அதிகம் ஓடுகின்றன. பட்டையில் பெயருக்குப் பின்னால் எம், எம்1, எம்2 என்று இருந்தால் அந்த ‘எம்’ பெரும்பாலும் மெட்ஃபார்மின். பட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் பாருங்கள்.

(2020-ல் அமெரிக்காவில் சில நிறுவனங்களின் மெட்ஃபார்மின் திரும்பப் பெறப்பட்டது வேறு கதை. அது என்.டி.எம்.ஏ. என்ற மாசுப் பொருள் பற்றியது. லாக்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

மலிவான மருந்தில் தீரும் வகை

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து எரிவதற்கு வைட்டமின் பி1, அதாவது தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தும் பயனில்லை, எல்லாம் லாக்டேட்டாகத்தான் திரும்பும். 1997-ல் அமெரிக்காவில் நரம்பு வழி ஏற்றும் மல்டிவைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தது. வாய் வழியாகச் சாப்பிட முடியாமல் நரம்பு வழியாகவே முழு உணவும் பெற்றுவந்த சில நோயாளிகளுக்குக் காரணம் புரியாத லாக்டிக் அசிடோசிஸ் வந்தது. தயமின் கொடுத்ததும் சரியானது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய ஆசிய நாடுகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த பெரிபெரியும் இதே குறைபாடுதான். நீண்ட காலக் குடிப்பழக்கம், நிற்காத கர்ப்ப கால வாந்தி, எடை குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகும் இது வரலாம். காரணம் தெரியாமல் லாக்டேட் ஏறி நிற்கும் நோயாளிக்கு ஒரு தயமின் ஊசி போட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதும் இல்லை. இதை நினைக்க மறப்பதுதான் பெரிய இழப்பு.

பிறவியிலேயே வருவது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகெனே–லாக் செயின்ட் ஜான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ‘லாக்டிக் அசிடோசிஸ்’ என்றாலே ஒரு குறிப்பிட்ட குழந்தை நோய்தான். எல்.ஆர்.பி.பி.ஆர்.சி. என்ற மரபணுவில் வரும் பிழையால் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படி பழுதாகிறது. கல்லீரலும் மூளையும் அதிகம் பாதிக்கப்படும். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய சிறு கூட்டத்தின் வழிவந்த மக்கள் என்பதால் 23 பேரில் ஒருவர் இந்தப் பிழையைச் சுமக்கிறார். சுமப்பவருக்கு நோய் இருக்காது. தாய், தந்தை இருவரும் சுமப்பவர்களாக அமையும் வாய்ப்பு 529-ல் ஒன்று. அப்படி அமைந்தாலும் குழந்தைக்கு நோய் வருவது நான்கில் ஒரு பங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 2,000 பிறப்புக்கு ஒன்று என்று வரும், அங்கே காணப்படும் அளவும் அதை ஒட்டியதுதான். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட அமிலத்தை எகிறவைத்துவிடும்.

தாயிடமிருந்து மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணுப் பிழைகளும் உண்டு. மெலாஸ் அதில் ஒன்று. இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்கம், வலிப்பு, கூடவே ஏறி நிற்கும் லாக்டேட்.

பொங்கல் மாடும் டி-லாக்டேட்டும்

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு அளவுக்கு மீறிப் பொங்கலும் சோறும் வைக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் வருடந்தோறும் சொல்வது இதே நோயைத் தடுக்கத்தான். வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகிய இரைப்பையில் திடீரென்று மாவுச்சத்து கொட்டினால், அங்குள்ள சில பாக்டீரியாக்கள் வெறித்தனமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்கும். அமிலம் உடலில் இருக்கும் நீரை இரைப்பைக்குள் இழுக்கும், ரத்தத்திலும் கலக்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தி, தள்ளாடி, படுத்துவிடும். சில மாடுகள் மறுநாளைத் தாண்டுவதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. லாக்டேட்டுக்கு எல், டி என்று இரண்டு வடிவங்கள். நம் செல்கள் உருவாக்குவதும் சுலபமாக எரிப்பதும் எல் வடிவம். பாக்டீரியா டி வடிவத்தையும் சேர்த்து உருவாக்கும், அதை உடலால் மெதுவாகத்தான் கையாள முடியும். சிறுகுடலின் பெரும்பகுதியை அறுத்து எடுத்த மனிதர்களுக்கும் இது வரலாம் என்பது 1979-ல் தெரியவந்தது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, மாட்டுக்கு நடந்ததே நடக்கும். நாக்கு குழறி, நடை தடுமாறி, குடித்தவரைப் போலவே தெரிவார். வழக்கமான லாக்டேட் பரிசோதனை எல் வடிவத்தை மட்டும் அளப்பதால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும்.

சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

அமிலம் ஏறியிருக்கிறது, பைகார்பனேட் ஏற்றினால் முடிந்தது என்று தோன்றும். பி.எச். எண் ஏறும்தான், ஆனால் லாக்டேட் உருவாகும் காரணம் அப்படியே இருந்தால் எண் திரும்ப இறங்கிவிடும். 2018-ல் பிரான்சில் பல ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வில், பி.எச். 7.20-க்கு இறங்கியவர்களுக்கு பைகார்பனேட் கொடுத்தும் ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீரகமும் கூடவே அடிபட்டவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. ஆகவே செப்சிஸ் என்றால் ஆன்டிபயாட்டிக்கும் திரவமும், ரத்தப்போக்கு என்றால் அதை நிறுத்துவதும், குடலுக்கு ரத்தம் போகவில்லை என்றால் அறுவையும்தான் முதல் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போல லாக்டேட்டைத் திரும்பப் பார்ப்பார்கள். முதல் எண்ணைவிட அது இறங்குகிறதா என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம்.

மெட்ஃபார்மின் தேங்கி வந்த அசிடோசிஸுக்கு டயாலிசிஸ் நன்றாகக் கைகொடுக்கும். மருந்தையும் வெளியேற்றும், அமிலத்தையும் சரிசெய்யும். லாக்டேட் 20 மில்லிமோலைத் தாண்டினாலோ, பி.எச். 7.0-க்கு இறங்கினாலோ, மற்ற சிகிச்சைகள் பலிக்காவிட்டாலோ டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்பது 2015-ல் நிபுணர் குழு வகுத்த வழிகாட்டுதல். டயாலிசிஸ் என்றதும் ‘கிட்னி நிரந்தரமாகப் போய்விட்டது, மாத்திரைதான் காரணம்’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நீர் வற்றியதால் மட்டும் தடுமாறிய சிறுநீரகம் பல நேரம் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடும். அப்போது வரும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பார்த்துத்தான் மெட்ஃபார்மினை மறுபடி தொடங்குவதா, வேறு மருந்துக்குப் போவதா என்று மருத்துவர் தீர்மானிப்பார்.